பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குவது ஏன்?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்திருக்கிறது. அங்கிருந்து லபுக்கலை, இறம்பொடை, தவலந்தென்ன, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வரும் கார், 60 கிலோமீற்றருக்குக் குறைந்த தூரத்தில் ஏறக்குறைய 1,400 மீற்றர் கீழே இறங்கிவிடுகிறது. ஆயிரம் கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தியைக் கணக்கிட்டுப் பார்த்தால், அது 40 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்குப் போதுமானதாக இருக்கும். இதில் ஒரு பங்கைக் காற்று ஏற்றுக்கொள்ளும். சாரதி தாழ்ந்த கியரில் வருவாராயின் மற்றொரு பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதெல்லாம் சக்கரங்களுக்குள்ளே மறைந்திருக்கும் பிரேக் இரும்பிலே வெப்பமாக இறங்குகிறது.

இந்த வெப்பத்தைத் தாங்குவது புதிய காருக்கே எளிதான வேலையன்று. மலைநாட்டு வீதிகளில் ஓடுவனவோ பெரும்பாலும் வயது சென்ற கார்கள். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட மொறிஸ் மைனரை இன்றும் இலங்கை வீதிகளிற் காணலாம். 1980களில் யப்பானிலிருந்து வந்த நிசான் சனி, டொயோட்டா கொறோலா, மிற்சுபிசி லான்சர் ஆகியன ஆசிரியர், எழுதுவினைஞர், தேயிலைத் தொழிற்சாலை அலுவலர் முதலானோரின் முற்றங்களில் இன்னமும் நிற்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்குரிய கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிற் பழைய காரை விற்க எண்ணியவர்களும் விற்காது வைத்துக்கொண்டார்கள். பிள்ளையைப் பரீட்சைக்குக் கொண்டுபோகவும், நோயாளியை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும் அக்காரே துணையாயிற்று.

இத்தகைய கார்களை வைத்திருப்போர் சொல்லும் முறைப்பாடுகளுள் ஒன்று மிகப் பழையது. கார் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனால் பிரேக்கை மிதித்தவுடன் ஸ்டியரிங் வளையம் இருபுறமும் வெடவெடவென்று நடுங்குகிறது. சிலருக்கு அது அச்சத்தைத் தருகிறது. சிலர் பழகிப்போய் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் அடுத்தடுத்துப் பொருள் வாங்கி மாற்றிக் கையிலிருக்கும் பணத்தைக் கரைக்கிறார்கள்.

டிக்கோயாப் பக்கத்தில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்க. அவரிடம் 1980களின் நிசான் சனி ஒன்று உண்டு. மாதத்தில் ஒருமுறை மகள் வீட்டுக்குக் கொழும்பு செல்வார். அட்டன், வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கலை என்று வளைந்து வளைந்து இறங்கும்போது அவருக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றுவதில்லை. அவிசாவளையைத் தாண்டி வீதி நிமிர்ந்து, வேகம் 70 அல்லது 80 கிலோமீற்றரை எட்டிய பின்னர் பிரேக்கை மிதித்தால், வளையம் கையை உதறுகிறது. அயலவர் ஒருவர் டயரைக் குறை சொன்னார். இரண்டு டயர் மாற்றப்பட்டது. இன்னொருவர் வீல் எலைன்மென்ற் பிழை என்றார், அதுவும் பார்க்கப்பட்டது. மூன்றாமவர், “டிஸ்க் வளைந்துவிட்டது” என்று தீர்ப்புக் கூறினார். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் புதிய டிஸ்க் போடப்பட்டது. நடுக்கம் நின்றது. கணக்கப்பிள்ளை மனம் குளிர்ந்து நாலைந்து முறை கொழும்பு போய் வந்தார். ஐந்தாம் மாதம் அதே இடத்தில் அதே நடுக்கம் திரும்பி வந்தது. கடைக்காரரின் பொருள் போலி என்று கருதி, இன்னும் கூடிய விலையில் வேறு டிஸ்க் வாங்கிப் போட்டார். அதுவும் சில மாதந்தான். இது ஒருவருடைய கதை மட்டுமன்று. கராஜ் வைத்திருப்போரைக் கேட்டால் வாடிக்கைக்காரர் பலரைக் காட்டுவார்கள்.

கடைசியாக அவர் அட்டனிலே வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனார். அவர் உடனே சக்கரத்தைக் கழற்றவில்லை. முதலிற் கேள்வி கேட்டார்.

“ஐயா, நடுக்கம் எங்கே தெரிகிறது? கையிலா, காலிலா, உட்காருகிற இடத்திலா?”

“கையிலேதான் பாஸ். காலிலும் கொஞ்சம் துடிக்கிற மாதிரி இருக்கும்.”

“பிரேக் மிதிக்காமல் அதே வேகத்தில் போனால்?”

“ஒன்றுமில்லை. பூப்போல ஓடும்.”

“மலை இறங்கும்போது?”

“அவ்வளவாகத் தெரியாது. அவிசாவளைக்கு அங்காலேதான் ஆட்டம்.”

நோயைப் பாதி அறிவதற்கு இந்தக் கேள்விகளே போதும். பிரேக்கைத் தொடாமலே 80, 90 கிலோமீற்றர் வேகத்தில் வளையம் நடுங்குமாயின், சக்கரத்தின் சமநிலை, டயரின் வடிவம், வளைந்த ரிம் ஆகியவற்றை முதலிற் பார்க்கவேண்டும். பிரேக் மிதிக்கும்போது மாத்திரம் நடுங்கினால் குற்றம் பெரும்பாலும் பிரேக்கைச் சேர்ந்தது. வளையத்தில் தெரிவது முன் சக்கரத்தின் செய்தி. ஆசனத்தில் தெரிவது பின் சக்கரத்தின் செய்தி. பின்னதை உறுதிசெய்ய ஒரு வழியுண்டு. ஆளரவமற்ற, ஈரமில்லாத, மட்டமான வீதியிலே மிதமான வேகத்தில் செல்லும்போது, கைப்பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே அதை மெல்ல மெல்ல இழுத்துப் பார்க்கலாம். பழைய கார்களிற் பெரும்பாலும் கைப்பிரேக் பின் சக்கரங்களையே பற்றும். அப்பொழுது கார் குலுங்கினால் பின் டிரம் வட்டம் தவறியிருக்கிறது என்று கொள்ளலாம். மலைச் சரிவிலோ மழையிலோ இதைச் செய்து பார்ப்பது பேதைமை.

வீல் எலைன்மென்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அது பிழைத்தால் டயர் ஒருபுறம் தேயும்; கார் ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வரும் நடுக்கத்தை அது உண்டாக்குவதில்லை. ஆயினும் நடுக்கம் என்றவுடன் காரை எலைன்மென்ற் இயந்திரத்தில் ஏற்றிவிடும் வழக்கம் எப்படியோ நிலைத்துவிட்டது. இயந்திரம் வாங்கியவருக்கு அதன் கடனைத் தீர்க்கவேண்டிய தேவையும் இருக்கலாம்.

இனி, மலையிலே தெரியாத நடுக்கம் சமவெளியிலே தெரிவானேன்? டிஸ்க்கில் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்குமாயின், சக்கரம் ஒருமுறை சுற்றும்போது பிரேக்கின் பிடி ஒருமுறை இறுகித் தளர்கிறது. சிறிய காரின் டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.8 மீற்றர் போகும். கொண்டையூசி வளைவுகளில் 25 கிலோமீற்றர் வேகத்தில் வரும்போது செக்கனுக்கு நான்கு தடவைக்கும் குறைவாகவே அந்த உதைப்பு நிகழும். 80 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்குப் 12 தடவை. முன் சக்கரத்தையும் அதைத் தாங்கும் கைகளையும் ஸ்டியரிங் தண்டுகளையும் ஒருங்கே எடுத்துக்கொண்டால், அவற்றுக்கென்று இயல்பான ஓர் ஆட்ட வேகம் உண்டு. பல கார்களில் அது செக்கனுக்குப் 10 முதல் 15 வரை இருக்கும். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு விரலே போதும் அல்லவா? 80 கிலோமீற்றரில் வரும் உதைப்பு அத்தகையது. ஆகவே கேடு விளைவது மலையிறக்கத்தின் சூட்டிலே. அது கைக்கு எட்டுவது அவிசாவளைக்கு அப்பாலே. மலைக்குள்ளேயே காரை வைத்திருக்கும் ஒருவர், தம் காருக்கு ஒரு குறையுமில்லை என்று ஆண்டுக்கணக்கில் நம்பியிருத்தல் கூடும்.

டிஸ்க் ‘வளைந்துவிட்டது’ என்னும் பேச்சு உலகெங்கும் வழங்குகிறது. வார்ப்பிரும்பாலான அந்தத் தட்டு உண்மையில் வளைவது அரிது. இங்கிலாந்திலே பிரடெரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1953ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் ஓட்டப் போட்டியில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பின்னரே அது உலகப் புகழ் பெற்றது. டிரம்மைவிட டிஸ்க் சூட்டை விரைவில் வெளியே விட்டுவிடும் என்பதே அதன் சிறப்பு. அத்தகைய பொருள் சூட்டினால் வளைந்துவிட்டது என்று சொல்லிவிடுமுன் வேறு காரணங்களை ஆராய்தல் நன்று.

அட்டன் மெக்கானிக் செய்தது அதுதான். சக்கரத்தைக் கழற்றி, நட்டுகளைக் கொண்டு டிஸ்க்கை அதன் இடத்திலேயே இறுக்கினார். காந்தத் தாங்கியில் டயல் கேஜ் ஒன்றைப் பொருத்தி, அதன் முனையை டிஸ்க்கின் ஓரத்தருகே வைத்து, டிஸ்க்கை மெதுவாகச் சுற்றினார். முள் 0.15 மில்லிமீற்றர் ஆடிற்று. 0.1 மில்லிமீற்றருக்குள் இருத்தலே பெரும்பாலான கார்களுக்கு ஏற்றது. பின்னர் மைக்குரோமீற்றரால் எட்டு இடங்களிற் கனத்தை அளந்தார். மிகத் தடித்த இடத்துக்கும் மிக மெலிந்த இடத்துக்கும் 0.03 மில்லிமீற்றர் வேறுபாடு இருந்தது. மனிதத் தலைமயிரின் பருமனிற் பாதியும் இல்லாத இந்த வேறுபாடே ஒரு காரை உதறவைக்கப் போதும் என்றால் கணக்கப்பிள்ளையால் நம்ப முடியவில்லை. ஐம்பது ஆண்டு தோட்டத்துச் செக்றோல் எழுதியவருக்கு இலக்கங்களில் நம்பிக்கை உண்டு. ஆனாலும் இவ்வளவு சிறிய இலக்கத்தை அவர் கண்டதில்லை.

அதன்பின் டிஸ்க்கைக் கழற்றி, அது அமர்ந்திருந்த ஹப்பின் முகத்தைக் காட்டினார் மெக்கானிக். ஒரு புறத்திலே துரு செதிளாகப் படிந்திருந்தது. பனியும் தூறலும் ஓயாத அப்பிரதேசத்தில் இரும்பு துருப்பிடிப்பது புதுமையன்று. பழைய டிஸ்க்கை எடுத்தவர் அந்தத் துருவைச் சுரண்டாமலே புதியதை மேலே வைத்து இறுக்கியிருந்தார். இரண்டாம் முறையும் அவ்வாறே. 140 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஹப்பின் ஓரத்தில் 0.05 மில்லிமீற்றர் துரு இருந்தால், 240 மில்லிமீற்றர் விட்டமுள்ள டிஸ்க்கின் ஓரத்தில் அது 0.09 மில்லிமீற்றர் அளவுக்குப் பெருகிவிடும். இரண்டு மூன்று செதிள்கள் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியாயின் பூட்டிய அன்றைக்கே ஏன் நடுங்கவில்லை? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாய்ந்து அமர்ந்த டிஸ்க், கனம் சீராக இருக்கும் வரையில் பெரிதாக நடுக்கம் தராது. கலிப்பர் அதனுடன் சேர்ந்து சிறிது அசைந்து கொடுக்கும். ஆனால் பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும் டிஸ்க்கின் சாய்ந்த பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் பேடில் உரசிச் செல்லும். ஒரு கிலோமீற்றருக்கு 550 சுற்று என்றால், 5,000 கிலோமீற்றருக்கு 27 இலட்சம் உரசல். உரசிய இடம் மட்டும் தேய்ந்து மெலிகிறது. நடுக்கம் ஐந்தாம் மாதத்தில் பிறந்ததுபோலத் தோன்றினாலும், அதன் விதை பூட்டிய நாளிலேயே விழுந்துவிட்டது. போலிப் பொருள் விற்றதாகக் கடைக்காரரைக் கணக்கப்பிள்ளை கடிந்தது பிழை.

பரிகாரம் எளியது. ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையாலும் எமரித் தாளாலும் உலோகம் தெரியும்வரை துடைக்கவேண்டும். சக்கர நட்டுக்களைச் சுற்றிலும் இருக்கும் துருவையும் விட்டுவிடக்கூடாது. டிஸ்க்கில் இன்னும் போதிய கனம் இருக்குமாயின் கடைசல் இயந்திரத்திற் கொடுத்து இருபுறமும் சமமாகக் கடைந்தெடுக்கலாம். எந்த அளவுக்கு மேல் மெலியலாகாது என்பது பல டிஸ்க்குகளின் ஓரத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எல்லையைக் கடந்ததைப் புதுப்பிக்க முயலலாகாது. மறுபடி பூட்டி டயல் கேஜால் அளக்கும்போது இன்னும் ஆட்டம் இருந்தால், டிஸ்க்கை ஒரு துவாரம் தள்ளிப் பூட்டிப் பார்த்தால் சிலவேளை ஆட்டம் குறைந்துவிடும். நட்டுக்களை எதிரெதிராக, சிறிது சிறிதாக, கையேட்டிற் சொன்ன இறுக்கத்துக்குக் கொண்டுவரவேண்டும். காற்றுத் துப்பாக்கியால் ஒன்றன்பின் ஒன்றாக அடித்து இறுக்குவது விரைவான வேலை. அந்த விரைவே டிஸ்க்கைக் கோணச் செய்து, மறுபடி அதே நோயைத் தந்துவிடுகிறது.

எல்லா நடுக்கத்துக்கும் துருவே காரணம் என்று எண்ணிவிடக்கூடாது. கலிப்பரின் வழுக்கு ஊசிகள் இறுகிப்போயிருந்தால் ஒரு பேட் எப்பொழுதும் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டே இருக்கும். சிறிது தூரம் ஓடி நிறுத்தியபின் முன் சக்கரங்கள் இரண்டின் அருகிலும் தொடாமற் கையைக் காட்டிப் பார்த்தால், ஒன்று மற்றையதைவிடத் தகிப்பது தெரியும். வயதான றப்பர் குழாய் உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்பவிடாமற் செய்தாலும் இதே விளைவுதான்.

மலையிறக்கத்தில் நெடுநேரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, அடிவாரத்திற் காரை நிறுத்தி, காலை எடுக்காமல் அழுத்தியபடியே நின்றால், கொதிக்கும் டிஸ்க்கில் பேடின் பொருள் அச்சுப்போல் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்து இரும்பும் மிகுந்த சூட்டினால் இறுகிக் கடினமாகும். அதன்பின் அவ்விடம் தனித்துத் தேய மறுக்கும்; நடுக்கம் வளரும். சூடான பிரேக்கோடு நிற்க நேர்ந்தால், மட்டமான இடத்தில் காலை எடுத்துவிட்டுக் கைப்பிரேக்கில் நிறுத்துவது நல்லது. இறம்பொடை நீர்வீழ்ச்சியருகே தேநீர் குடிக்க நிற்கும் சிலர், புகையும் சக்கரத்தில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் குளிரச் செய்கிறார்கள். சூடேறிய வார்ப்பிரும்பு வெடிப்பதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை.

இதுவரை சொன்னவை கையை நடுங்கச் செய்வன. உயிரைத் தொடும் காரணங்கள் வேறு. டிஸ்க்கிலே சிறு குற்றமே இருக்க, நடுக்கம் மட்டும் மிகப் பெரிதாக இருக்குமாயின், சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில் தளர்ச்சி உண்டா என்று உடனே பார்க்கவேண்டும். மட்டமான தரையில் மற்றைய சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன் சக்கரத்தை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் அமர்த்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைக்கவேண்டும். அசைந்தால் பெயாரிங் அல்லது போல் ஜொயின்ற் தேய்ந்திருக்கலாம். இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் டை ரொட் முனைகள் ஐயத்துக்குரியன. கீழ்க்கையின் றப்பர் புஷ் வெடித்திருந்தாலும் பிரேக் மிதிக்கையிற் சக்கரம் முன்னும் பின்னும் உதைக்கும்.

மொறிஸ் மைனர் வைத்திருப்போர் இதில் இரு மடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். அந்தக் காரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே உண்டு. முன் டிரம் வட்டம் தவறினால் அதன் நடுக்கமும் வளையத்துக்கே வரும். அதனால் ‘டிரம்தானே’ என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அக்காரின் முன் சக்கரங்கள் மேலும் கீழும் திருகுபுரியுள்ள டிரனியன் என்ற மூட்டிலே தொங்குகின்றன. கிறீஸ் ஒழுங்காக ஏற்றாவிட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் மூட்டு கழன்று சக்கரம் உள்ளே மடிந்துவிடும். தேநீர்க் கடை வாசலில் மடிந்தால் நகைப்புக்கிடம். இறம்பொடை வளைவில் மடிந்தால் என்னவாகும்? கிறீஸ் துப்பாக்கியின் நாலு அழுத்தம் தடுக்கக்கூடிய விபத்து அது.

பிரேக் எண்ணெயும் இக்கணக்கில் சேரும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 எனப்படும் வகை, புதிதாயிருக்கும்போது குறைந்தது 205 பாகை சென்ரிகிறேட்டிற் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகை வரை இறங்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. டிஸ்க்கை நடுங்கவைக்கும் அதே சூடுதான் எண்ணெயையும் கொதிக்கவைக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு தடவை கொழும்புக்குப் போய்வரும் பெற்றோல் செலவை எட்டாது.

மலைவீதி எவ்வளவு இரக்கமற்றது என்பதை 2023 சனவரி 20ஆம் நாள் நானுஓயா–ரதல்லைக் குறுக்குப் பாதையில் பேருந்தும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி எழுவர் மாண்டபோது நாடு முழுவதும் கண்டது. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வதுண்டு. பிரேக்கை மெல்லமாக நெடுநேரம் பிடித்துக்கொண்டிராமல், உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துப் பின் முற்றாக விட்டுவிட்டால் இரும்புக்கு ஆற அவகாசம் கிடைக்கும்.

கணக்கப்பிள்ளையின் டிஸ்க்குகள் கடைசலுக்குப் போய் வந்தன. ஒன்றில் போதிய கனம் இருந்தது. மற்றையது எல்லையை அண்டிவிட்டதால் இரண்டையும் சோடியாகவே மாற்றவேண்டியதாயிற்று. வலப்பக்கத்து டை ரொட் முனையிலும் சிறு ஆட்டம் காணப்பட்டு, அதுவும் மாற்றப்பட்டது. இவ்வளவுக்கும் பின்னர் மெக்கானிக் காரை ஒப்படைக்கும்போது, “நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட்டைத் திரும்ப ஒருக்கால் பார்க்க வேணும் ஐயா, கொழும்பு போகிற வழியில் கித்துல்கலையில் நிறுத்தினால், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்” என்றார். புதிய பேடுகள் படியும்வரை, மட்டமான வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முற்றாக நிறுத்தாமற் பலமுறை மிதமாக வேகத்தைக் குறைத்து வரும்படியும் சொல்லியனுப்பினார். பழைய டிஸ்க்குகள் இரண்டையும் கணக்கப்பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவற்றுள் ஒன்று இப்பொழுது அவர் வீட்டுப் பின்கட்டில், ஊறுகாய்ச் சாடியின் மூடிமேற் பாரமாக இருக்கிறது.